குழாயைச் சுண்டிப் பார்த்து வாங்குவது: உருக்கு ஹார்ட்டெயில் பிரேமின் அறிவியல்

மவுண்டன் பைக் பிரேம் ஒன்றைக் காட்டி “இது குரோமோலி” என்று கடைக்காரர் சொன்னதுமே விலை ஒரு படி ஏறிவிடும். ஏறட்டும். ஆனால் அந்தச் சொல் பிரேமைப் பற்றி எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று தெரிந்துகொண்டு காசைக் கொடுக்கலாம்.

முன்னால் மட்டும் குலுக்கலுக்கு அமுங்கும் சஸ்பென்ஷன் போர்க், பின்னால் வெறும் குழாய்கள். இதுதான் ஹார்ட்டெயில். நம் மட்டக்களப்பின் குடும்பிமலைப் பக்கத்துக் கிறவல் ரோட்டுக்கும், குளக்கட்டுக்கும், பாணமையிலிருந்து உகந்தைக்குப் போகும் மணல் பாதைக்கும் இதற்கு மேல் தேவையில்லை என்பது என் எண்ணம். பின் சஸ்பென்ஷனில் இருக்கும் அத்தனை பேரிங்குகளையும் நம்முடைய மணலும் உப்பும் சும்மா விடாது.

சரி, குரோமோலி என்றால் என்ன? 4130 என்ற எண்ணோடு வரும் கலப்புருக்கு அது. இரும்போடு சுமார் 0.3 சதவீதம் காபன், 1 சதவீதத்தை ஒட்டிக் குரோமியம், 0.2 சதவீதம் மொலிப்தனம். மீதி பெரும்பாலும் சாதாரண இரும்புதான். இந்தச் சிறு சேர்க்கை உருக்கின் வலிமையை நன்றாகவே கூட்டுகிறது. சாதாரண மென்னுருக்கு 400 மெகாபாஸ்கல் அளவு தகைப்பில் (ஓரலகுப் பரப்பில் விழும் விசையில்) அறுந்துவிடும். 4130 அதைத் தாண்டி 670 வரை தாங்கும். ஆனால் விறைப்பு? அது அசையவே அசையாது. உயர்தரப் பௌதிகவியலில் படித்த யங்கின் மட்டு எல்லா உருக்குக்கும் ஏறக்குறைய 200 கிகாபாஸ்கல்தான், மலிவானதோ விலை கூடியதோ. ஒரே அளவுக் குழாயை இரண்டிலும் செய்தால், ஒரே பாரத்துக்கு இரண்டும் ஒரே அளவு வளையும். எது முதலில் நிரந்தரமாகக் கோணிப்போகும் என்பதில்தான் வித்தியாசம்.

அப்படியானால் கூடுதல் வலிமைக்குக் கொடுக்கும் காசால் என்ன பயன்? குழாயின் சுவரை மெல்லியதாக்கலாம். மெல்லியதாக்கி, விட்டத்தைப் பெருப்பிக்கலாம். வளைவை எதிர்க்கும் திறன் விட்டத்தின் மூன்றாம் அடுக்கோடு கூடும். சுவர்த்தடிப்போடு நேர்விகிதத்தில் மட்டுமே கூடும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். பழைய பாணிக் கீழ்க்குழாய் (ஹாண்டில் பக்கமிருந்து பெடல் அச்சுக்குச் சரிந்து இறங்கும் குழாய்) 28.6 மில்லிமீற்றர் விட்டம், 0.9 மில்லிமீற்றர் சுவர்: ஒரு மீற்றர் நீளம் 615 கிராம் வரும். விட்டத்தை 34.9 ஆக்கி, சுவரை 0.6 ஆகக் குறைத்தால் 507 கிராம். பாரம் ஆறில் ஒரு பங்கு குறைந்துவிட்டது, விறைப்போ 25 சதவீதத்துக்கு மேல் கூடிவிட்டது. இதை மென்னுருக்கில் செய்தால் முதல் பள்ளத்திலேயே குழாய் ஒடுங்கக்கூடும்.

மெல்லிய சுவருக்கும் ஒரு விலை உண்டு. விட்டம் தடிப்பைப் போல 50 மடங்கைத் தாண்டினால் சுவர் தகரம் போல நெளியத் தொடங்கும் என்பது பிரேம் கட்டுபவர்களின் கைக்கணக்கு. அதனால் தகைப்பு மிகும் இரு முனைகளிலும் சுவரைத் தடிப்பாக விட்டு, நடுவில் மட்டும் மெலிப்பார்கள். பேர்மிங்ஹாமில் அல்பிரட் ரெய்னோல்ட்ஸ் இதற்கான காப்புரிமையை 1897 இலேயே பெற்றுவிட்டார். இந்தக் குழாயைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, வெளிவிட்டம் முழுவதும் ஒன்றுதான். காதால் கண்டுபிடிக்கலாம். கீழ்க்குழாயின் ஒரு முனையில் நகத்தால் சுண்டுங்கள், பிறகு விரலைச் சிறிது சிறிதாக நடுவுக்கு நகர்த்திச் சுண்டிக்கொண்டே போங்கள். “டொக்” என்று மொத்தையாக வரும் சத்தம் ஓரிடத்தில் “டிங்” என்று திறந்துவிடும். அந்த இடத்தில்தான் சுவர் மெலிகிறது. முழு நீளத்துக்கும் ஒரே “டொக்” என்றால், ஸ்டிக்கரில் என்ன எழுதியிருந்தாலும் அது ஒரே தடிப்புக் குழாயாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

“உருக்குப் பிரேம் அதிர்வை உறிஞ்சும், உடம்பு நோகாது” என்ற பேச்சை நான் பாதிக்குத்தான் நம்புகிறேன். முக்கோணமாகக் கட்டிய பிரேம் மேலிருந்து வரும் பாரத்துக்குப் பெரிதாக விட்டுக்கொடுக்காது. ஒரு குலுக்கலில் அது அசைவது மில்லிமீற்றர் கணக்கில், அதே குலுக்கலில் அகலமான ரயர் சென்ரிமீற்றர் கணக்கில் அமுங்கும். தடித்த மெத்தையில் படுத்துக்கொண்டு, கீழே இருப்பது தேக்குக் கட்டிலா வேப்பங்கட்டிலா என்று முதுகால் கண்டுபிடிக்கப் பார்ப்பது போன்ற வேலை இது. சொகுசு வேண்டுமானால் பிரேமில் பார்க்க வேண்டியது பின்சில்லுக்கு இரு பக்கமும் எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள் என்பதை. 2.4 அங்குல ரயர் 61 மில்லிமீற்றர் அகலம். பெடல் அச்சிலிருந்து பின் அச்சுக்குப் போகும் கீழ்த்தண்டுகளுக்கு நடுவே 75 மில்லிமீற்றராவது இருக்கட்டும். மாரியில் படுவான்கரை வயல் வழியாக ஒரு தடவை போனவர்களுக்கு இது புரியும். களிமண் ரயரில் ஒட்டி, தண்டில் வழிந்து, கொஞ்ச நேரத்தில் சில்லையே சுற்றவிடாமல் பிடித்துக்கொள்ளும்.

உருக்கைத் தேர்ந்தெடுக்க நல்ல காரணம் வேறொன்று உண்டு. உலோகங்கள் களைத்துப்போகும். ஒரு தடவை தாங்கும் பாரத்தை இலட்சம் தடவை திரும்பத் திரும்பக் கொடுத்தால் நுண்ணிய வெடிப்பு விழுந்து வளரும். அலுமினியத்தில் தகைப்பு எவ்வளவு சிறிதாக இருந்தாலும் ஒவ்வொரு குலுக்கலும் கணக்கில் ஏறிக்கொண்டே போகும். உருக்கு அப்படியல்ல. ஒரு எல்லைக்குக் கீழே உள்ள தகைப்பை அது எத்தனை தடவையும் தாங்கும். நன்றாக வடிவமைத்த உருக்குப் பிரேம், ஓட்டத்தின் பெரும்பகுதியில் அந்த எல்லைக்குள்ளேயே இருந்துவிடும்.

ஆனால் அந்த எல்லை காற்று உலர்ந்த இடத்துக்கு உரியது. உப்புநீர் படும் உருக்கில் அது மறைந்துவிடுகிறது. அரிப்பு தோண்டும் சிறு குழிகளில் தகைப்பு குவிகிறது, அங்கிருந்து வெடிப்பு பிறக்கிறது. வெடிப்பின் வாய் ஒவ்வொரு குலுக்கலிலும் திறந்து புது உலோகத்தை உப்புக்குக் காட்டுகிறது. கல்லடியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. இங்கே பிரேமில் படியும் உப்பு மழை இல்லாத நாளிலும் ஈரமாகத்தான் இருக்கும். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தொட்டதும் நீரை இழுத்துத் தானே கரையும். கடலுப்போடு கலந்து வரும் மக்னீசியம் குளோரைட்டுக்கு 33 சதவீதமே போதும்.

வெளிப் பெயின்றை எல்லோரும் பார்ப்பார்கள், துரு தொடங்குவது உள்ளே. சீற் கம்பியை இறுக்கும் இடத்தில் ஒரு வெட்டு இருக்கும். பின்சில்லு வீசும் தண்ணீர் அதன் வழியே சீற் குழாயில் இறங்கி, பெடல் அச்சுக் கூட்டில் தங்கும். ஆகவே பிரேமைத் தலைகீழாகப் புரட்டி, அந்தக் கூட்டின் அடியில் வடிதுளை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் நான் வாங்கமாட்டேன். அப்புறம், பாகங்களைப் பூட்டுவதற்கு முன்பே தச்சர்கள் பூசும் லின்சீட் எண்ணெயைக் குழாய்களுக்குள் ஊற்றிப் புரட்டி வடித்துவிடுங்கள். அது காற்றோடு சேர்ந்து காய்ந்து படலமாகும். தேங்காயெண்ணெய் அப்படிக் காயாது. எஞ்சினில் இருந்து எடுத்த கழிவு ஒயிலில் அமிலத்தன்மையும் தூளும் இருக்கும், அதுவும் வேண்டாம்.

சீற் கம்பி பெரும்பாலும் அலுமினியம். உருக்குக் குழாய்க்குள் அலுமினியம், இடையில் உப்புநீர்: ஒரு சின்ன மின்கலம் தயார். அதில் அலுமினியம் அனோட்டு ஆகிறது, அரிக்கப்பட்டு ஒட்சைட்டாகிப் பருத்துக் குழாயோடு இறுகிவிடுகிறது. பிறகு வாளால் அறுத்துத்தான் எடுக்க வேண்டி வரும். கிறீஸ் தடவி, சில மாதங்களுக்கு ஒரு தடவை கழற்றித் துடைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

பாவித்த பிரேம் என்றால் முன் போர்க் செருகும் தலைக்குழாய்க்குப் பின்னால், கீழ்க்குழாயின் அடிப்பக்க வெல்டிங் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். வெல்டிங் சூடு பட்டு உலோகத்தின் இயல்பு மாறிய இடம் அது. முன்சில்லு பள்ளத்தில் விழும்போது இழுபடுவதும் அங்கேதான். பெயின்றில் மயிரிழைக் கோடும் அதிலிருந்து கசிந்த செம்மஞ்சள் கறையும் தெரிந்தால் உள்ளே வெடிப்பு என்று எடுத்துக்கொள்ளலாம். உருக்கு இப்படி முன்கூட்டியே காட்டிக்கொடுப்பது பெரிய சௌகரியம். ஒட்டுவதற்கும் வழி இருக்கிறது, ஆனால் கேற் ஒட்டும் மின் வெல்டிங்கை 0.9 மில்லிமீற்றர் குழாயில் வைத்தால் ஓட்டை விழும். காஸ் சுடரில் பித்தளை ஒட்டுப் போடத் தெரிந்தவரைத் தேடுங்கள். பித்தளை 900 பாகை செல்சியஸை ஒட்டி உருகிப் பொருத்துக்குள் ஊறும். உருக்கு உருக 1400 பாகைக்கு மேல் வேண்டும், எனவே குழாய் உருகாமல் தப்பும்.

கோணங்களைப் பொறுத்தவரை, அட்டவணையில் போடுவது பெரும்பாலும் ஆள் ஏறாத சைக்கிளின் எண். நீங்கள் ஏறியதும் முன் போர்க் கால்வாசி அமுங்கும். ஹார்ட்டெயிலில் பின்பக்கம் அமுங்காது, எனவே முழுச் சைக்கிளும் முன்னால் சரியும். 120 மில்லிமீற்றர் அமுங்கும் போர்க்கில் தலைக்கோணம் (தலைக்குழாய் நிலத்தோடு செய்யும் கோணம்) ஒரு பாகைக்குச் சற்று மேல் செங்குத்தாகிறது, முழுவதும் அமுங்கினால் ஐந்து பாகைக்கு மேல். 66 என்று போட்டிருந்தால் ஓடுவது 65 போல அல்ல, 67 போல. செங்குத்தான மலையிறக்கத்துக்கு என்று செய்த 63, 64 பாகைப் பிரேம்கள் நம் தட்டை நிலத்தில் மெதுவாகப் போகும்போது ஹாண்டிலைப் பக்கவாட்டில் சாய்க்கப் பார்க்கும். 66 அல்லது 67 போதும்.

கடைசியாகப் பாகங்கள். பெடல் அச்சுக் கூடு மரை வெட்டிய, 73 மில்லிமீற்றர் அகலமானதாக இருந்தால் பாகம் தேடி அலைய வேண்டாம். பின் அச்சின் அகலம் 135, 142, 148 மில்லிமீற்றர் என்று மூன்று விதமாக வரும். கையில் ஏற்கெனவே சில்லு இருந்தால், பிரேம் பார்க்கப் போகும்போது அதையும் கொண்டுபோங்கள்.