புல் விலகிய இடத்தில் பாசி

மூணாறு, தேவிகுளம் பக்கம் ஒரு மழைக்காலம் முழுக்கக் கவனிப்பாரில்லாமல் கிடந்த புல்தரையில் கால் வைத்தால் மெத்தென்று அமுங்கும். விரலிடுக்கில் தண்ணீர் கசியும். பச்சைக்குக் குறைவில்லை. ஆனால் அந்தப் பச்சையில் பாதி புல் அல்ல, பாசி. எஸ்டேட் பங்களா முற்றமானாலும் பள்ளிக்கூட மைதானமானாலும் ஆவணி, புரட்டாசியில் இதே புகார்தான். உடனே சிலர் சுண்ணாம்பை அள்ளி வீசுகிறார்கள். சிலர் மண்வெட்டியால் சுரண்டுகிறார்கள். அடுத்த ஆடிக்குள் பாசி திரும்பிவிடுகிறது. காரணம் எளிது: பாசி புல்லைக் கொல்வதில்லை. புல் நலிந்து விலகிய இடத்தில் வந்து உட்காருகிறது. புல் ஏன் நலிந்தது என்று கேட்காமல் பாசியோடு மட்டும் போராடினால் உழைப்பு வீண்.

பாசியை ஒரு கிள்ளு எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். இழுத்தவுடன் வந்துவிடும்; வேர் அறுபடும் சத்தமே இருக்காது. அடியில் இருப்பவை ரைசாய்டு எனப்படும் மெல்லிய பழுப்பு இழைகள். அவற்றின் முக்கிய வேலை பற்றிக்கொள்வது. தண்ணீர் குடிக்கும் வேலையைப் பெரும்பாலும் இலைகளே செய்கின்றன. பெரும்பாலான பாசிகளின் இலை ஒரே ஒரு செல் கனம்தான். புல்லின் இலைமேல் உள்ள மெழுகுப் படலம் இதில் மிக மிக மெல்லியது, அல்லது இல்லவே இல்லை. அதனால் மழைத்துளி பட்டவுடன் உறிஞ்சிக்கொள்கிறது. வெயில் வந்தால் அதே வேகத்தில் காய்கிறது. காய்ந்தாலும் சாவதில்லை. மாசிப் பனியில் சருகாகிக் கிடக்கும் பாசிமேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிட்டுச் சில நிமிடம் காத்திருங்கள். சுருண்ட இலைகள் ஒவ்வொன்றாக விரிந்து மறுபடி பச்சையாகும். தாவர உலகத்தில் இதைவிட அழகான காட்சி எனக்குத் தெரியாது. கோடை பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட முடியாததும் இதனால்தான்.

பள்ளியில் ஃபியூனேரியா என்ற பாசியைப் படித்தவர்களுக்கு அதன் நீண்ட காம்பும் நுனியில் நிற்கும் சிறு உறையும் நினைவிருக்கும். அந்த உறையிலிருந்து பறக்கும் வித்துகளால் பாசி பரவுகிறது. உடைந்த துண்டிலிருந்தும் முளைக்கிறது. ஆகவே உயிருள்ள பாசியை வாரி இழுப்பதும் ஒருவகையில் விதைப்பதுதான்.

இனி புல்லின் பக்கம் வருவோம். இங்கே முற்றங்களில் இருப்பவை பெரும்பாலும் கிக்கூயு புல், அருகம்புல், அகன்ற இலை கொண்ட எருமைப்புல். மூன்றும் கரும்பு, மக்காச்சோளம் போலவே சி4 எனப்படும், கடும் வெயிலை நன்றாகப் பயன்படுத்தும் வகை ஒளிச்சேர்க்கை செய்பவை. நல்ல வெயிலில் இவற்றை மிஞ்ச ஆளில்லை, நிழலில் சோர்ந்துபோகும். எருமைப்புல் மட்டும் கொஞ்சம் நிழல் தாங்கும். பாசிக்கோ மங்கிய ஒளியே போதும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேகம் இறங்கி நிற்கும் மலையில், அதுவும் சில்வர் ஓக் மரத்தடியில், போட்டி தொடங்கும் முன்பே முடிவு தெரிந்துவிடும்.

அடுத்தது மண். விடாத மழை மண்ணிலிருந்து கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு போகிறது. ஹைட்ரஜனும் அலுமினியமும் தங்கிவிடுகின்றன. அமிலத்தன்மையை அளக்கும் pH அளவுகோலில் தேயிலைக்கு 4.5 முதல் 5.5 வரை பிடிக்கும். புல்லுக்கு 6-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. இந்த அளவுகோலில் ஓர் எண் இறங்கினால் அமிலம் பத்து மடங்கு கூடுகிறது என்பதை மறக்கக் கூடாது. 5.5-க்குக் கீழே போனால் அலுமினியம் கரையத் தொடங்கி வேர்நுனியைக் கருக்குகிறது. பாஸ்பரஸ், இரும்போடும் அலுமினியத்தோடும் கட்டுண்டு வேருக்குக் கிடைக்காமல் போகிறது. வேரே இல்லாத பாசிக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு.

எல்லாவற்றையும்விட மோசமானது மிதிபட்டு இறுகிய மண். ஆக்சிஜன் காற்றில் ஊடுருவும் வேகத்தோடு ஒப்பிட்டால், தண்ணீரில் அது ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகவே ஊடுருவுகிறது. மண்ணின் துளைகளில் நீர் தேங்கி நின்றால் வேர் மூச்சுமுட்டிப் போகும். இதோடு மழைக்காலத்தில் புல்லை ஒட்ட வெட்டும் வழக்கமும் சேர்ந்துகொள்கிறது. இலையை இழந்த புல், சேமிப்பை இலைக்கே செலவிட்டு வேரைக் கைவிடுகிறது. ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாதீர்கள். மழைக்காலத்தில் இரண்டு அங்குல உயரம் நிற்கட்டும்.

சீரமைப்புக்கு இங்கிலாந்துப் புத்தகங்களின் நாள்காட்டி நமக்கு உதவாது. அங்கே இலையுதிர்காலத்தில் செய்வதை இங்கே அதே மாதத்தில் செய்தால் பனியும் வறட்சியும் வந்து புல்லை முடக்கிவிடும். நம் மலைக்கு உகந்தது கோடை மழை. புல் வளரும், பாசியும் விழித்திருக்கும், பெருமழைக்கு ஒன்றிரண்டு மாதம் அவகாசமும் இருக்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் மழை ஓயும் சமயம் மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்து, தேவை என்று தெரிந்தால் மட்டும் டோலமைட் (மெக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல் தூள்) இடலாம். தேயிலைத் தோட்டத்தில் கவாத்துக்கு முன் இடுவார்களே, அதேதான். சுண்ணாம்பு பாசியைக் கொல்லாது; புல்லுக்கு மண்ணைத் திருத்தும், அவ்வளவுதான். தை, மாசியில் தண்ணீர் தேங்கும் இடத்துக்கு வடிகால் வெட்டி, நிழல் தரும் தாழ்ந்த கிளைகளைக் கழித்துவிட வேண்டும்.

பாசியைக் கருக்குவது அன்னபேதி, அதாவது இரும்பு சல்பேட். முதல் கோடை மழையில் பாசி நனைந்து விரிந்த பின், ஒரு நாள் மழை இராது என்று தோன்றும்போது, சதுர மீட்டருக்கு 5 முதல் 10 கிராம் வரை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளிக்கலாம். மெழுகுத் தடுப்பில்லாத பாசி இலைக்குள் இரும்பு நேராக நுழைகிறது. செல்லில் உள்ள ஹைட்ரஜன் பெராக்சைடோடு வினைபுரிந்து, கைக்குக் கிடைத்த மூலக்கூறையெல்லாம் சிதைக்கும் துகள்களை உண்டாக்குகிறது. ஆங்கிலேய வேதியியலாளர் ஹென்றி ஃபென்டன் 1894-இல் விவரித்த வினை இது. ஓரிரு நாளில் பாசி கறுத்துவிடும். மெழுகுக் கவசம் உள்ள புல்லோ, நுனி லேசாகக் கருகினாலும் பிறகு கரும்பச்சையாகத் தளிர்க்கும். சிமெண்ட் தரையில் சிந்தினால் துருக்கறை எளிதில் போகாது, கையுறையும் அவசியம். சுண்ணாம்போடு சேர்த்து மட்டும் இடவே கூடாது, இரும்பு செயலிழந்துவிடும். மயில்துத்தத்தை, அதாவது செம்பு சல்பேட்டை, பயன்படுத்த வேண்டாம் என்பேன். செம்பு மண்ணிலேயே தங்கி மண்புழுவைக் கொல்லும். இறுகிய மண்ணைத் துளைத்துக் காற்றோட்டம் தரும் மண்புழுவை இழந்து எந்தப் புல்தரையும் தேறாது.

கறுத்த பாசியை வாரியபின் வெற்று மண் தெரியும். அதை அப்படியே விட்டால் மீண்டும் பாசிதான். முள்மண்வெட்டியால் ஒரு சாண் இடைவெளியில் ஆழமாகக் குத்தி ஆட்டிவிட்டு, மணலும் மட்கிய எருவும் கலந்து துளைகளில் நிரப்புங்கள். பிறகு கணுவுள்ள ஓடுதண்டுகளை நெருக்கமாகப் பதியுங்கள். கிக்கூயுவின் மிஞ்சிய துண்டுகளைச் சாலையோரம் வீசிவிடாதீர்கள். ஆப்பிரிக்க மலையிலிருந்து வந்த அந்தப் புல், நம் சோலைப் புல்வெளிக்குள் புகுந்தால் உள்ளூர்ப் புற்களை அமுக்கிவிடும்.

நாளுக்கு மூன்று, நான்கு மணி நேர வெயில்கூட விழாத வடக்குச் சரிவில் இத்தனையும் செய்யாதீர்கள். அங்கே எந்தப் புல்லும் நிலைக்காது. பாசி மழைத்துளியின் அடியைத் தாங்கி மேல்மண்ணைப் பிடித்துவைக்கிறது, அதுவே இருக்கட்டும். நடைபாதையிலும் படிக்கட்டிலும் மட்டும் சுரண்டிவிடுங்கள்; மழையில் வழுக்கும்.