போட்டியை விட்ட பிறகு பலகையை என்ன செய்வது?

எட்டு வயது மகளோடு ஒருவர் செஸ் ஆடிக்கொண்டிருந்தார். மகள் குதிரையைத் தொட்டாள். உடனே மனம் மாறி, கையை மந்திரியின் பக்கம் கொண்டுபோனாள். "தொட்ட காயைத்தான் ஆடணும்" என்றார் அப்பா. அதட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அந்தக் குதிரையை எங்கே வைத்தாலும் வெட்டுப்படும். அவள் கொஞ்ச நேரம் பலகையையே பார்த்தாள். அப்புறம் குதிரையை ஏதோ ஒரு கட்டத்தில் வைத்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள். மறுநாள் கூப்பிட்டபோது வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

இதை அவர் என்னிடம் சொன்னபோது, போட்டிகளை விட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. "யோசித்துச் சொன்னதில்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது" என்றார்.

விளையாட்டு வீரர்களுக்கு மனநல ஆலோசனை சொல்வது என் வேலை. போட்டியில் ஆடிக்கொண்டிருப்பவர்களைக் கவனிக்கப் பயிற்சியாளர், குடும்பம், சக வீரர்கள் என்று ஆள் இருக்கிறது. விலகியவர்களை யாரும் கேட்பதில்லை. 'அதான் விட்டாச்சே, இனி பொழுதுபோக்காக ஆடலாமே' என்று சுற்றியிருப்பவர்கள் சொல்லிவிடுகிறார்கள். விலகுகிறவர்களும் அந்த நம்பிக்கையோடுதான் விலகுகிறார்கள். ஆனால் பத்துப் பதினைந்து வருடம் போட்டிக்கென்றே பழகிய உடம்பும் மனசும் ஒரே நாளில் அப்படி மாறிவிடாது. லேசாக ஆடுவதைத் தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. இது தெரியாததால், 'எனக்கு செஸ்ஸே வெறுத்துப்போச்சு' என்று முடிவுகட்டிவிடுகிற பலரைப் பார்க்கிறேன். அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஆட்டம் வெறுக்கவில்லை என்பது என் அனுபவம்.

போட்டி அறை ஒருவருக்கு என்னென்ன பழக்குகிறது என்று யோசித்துப் பாருங்கள். பேசக் கூடாது. தொட்ட காயை ஆட வேண்டும். ஒவ்வொரு நகர்வையும் தாளில் எழுத வேண்டும். காயை நகர்த்திய கையாலேயே கடிகாரத்தை அழுத்த வேண்டும். ஆயிரக்கணக்கான மணி நேரம் இப்படி உட்கார்ந்தவருக்கு இதெல்லாம் விதியாகவே தோன்றாது, மூச்சுவிடுவதுபோல ஆகிவிடும். என்னிடம் வந்த ஒருவர், நண்பரோடு சும்மா ஆடும்போதும் ஒவ்வொரு நகர்வுக்குப் பிறகும் வலது கையை மேஜை ஓரத்துக்குக் கொண்டுபோவார். அங்கே பேனாவும் இருக்காது, தாளும் இருக்காது. விரல்கள் ஒரு நொடி தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். நான் சொல்லும் வரை அவருக்கே அது தெரியாது.

இவற்றையெல்லாம் விட ஆழமாக ஊறிப்போவது ரேட்டிங். ஒவ்வொரு வீரரின் பலத்தையும் ஓர் எண்ணாகச் சொல்லும் முறை அது. அர்பாத் எலோ வகுத்த அதை, உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே 1970-ல் ஏற்றுக்கொண்டது. 2200 ரேட்டிங் உள்ளவர் 1800 உள்ளவரோடு ஆடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து ஆட்டம் ஆடினால் ஒன்பது புள்ளிக்குச் சற்று மேலேயே அவர் எடுக்க வேண்டும் என்று கணக்கு எதிர்பார்க்கும். ஓர் ஆட்டத்தில் ரேட்டிங் எவ்வளவு வரை மாறலாம் என்பதைச் சொல்லும் கே-ஃபேக்டர் 20 என்றால், ஜெயித்தால் அவருக்குக் கிடைப்பது இரண்டு ரேட்டிங் புள்ளிகூட இல்லை. தோற்றால் சுமார் 18 போய்விடும். டிரா ஆனாலும் எட்டுக்கு மேல் நஷ்டம்.

இந்தக் கணக்கோடு வருடக்கணக்கில் வாழ்ந்தவர் தன்னைவிடக் குறைந்தவரோடு ஆடுவதை ஆபத்தாகவே பார்க்கப் பழகியிருப்பார். சரி, போட்டியை விட்டபின் அவரைச் சுற்றி யார் இருக்கிறார்கள்? மனைவி, பிள்ளைகள், அலுவலக நண்பர், மாடி வீட்டுக்காரர். அத்தனை பேரும் அவரைவிடக் குறைவாக ஆடுகிறவர்கள். ஜெயித்தால் ஒன்றுமில்லை, தோற்றால் அவமானம் என்று உள்ளே ஏதோ ஒன்று கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும்போது எப்படிச் சிரித்துக்கொண்டு ஆட முடியும்? மகளிடம் 'தொட்ட காயைத்தான் ஆடணும்' என்று சொன்னது அந்தக் கணக்குதான்.

விலகியவர்களில் சிலர் பலகையை அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிட்டு, செஸ் பேச்சு வந்தாலே எழுந்து போய்விடுவார்கள். இவர்களைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுவதில்லை. நீண்ட நாள் சுமந்ததை இறக்கிவைத்தவருக்கு ஓய்வு வேண்டும். ஆறு மாதமோ ஒரு வருடமோ தொடாமல் இருக்கட்டும். அவசரப்படுத்தக் கூடாது.

வேறு சிலர் போட்டி அறையிலிருந்து நேராகக் கைபேசிக்குப் போய்விடுகிறார்கள். எனக்குக் கவலை இவர்களைப் பற்றித்தான். சர்வதேசப் பட்டத்துக்காகப் பல வருடம் முயன்று, கிடைக்காமல் விட்டுவிட்ட ஒரு பெண் வந்திருந்தார். இரவு பதினொரு மணிக்கு, படுப்பதற்கு முன் பிளிட்ஸ் என்கிற மூன்று நிமிட அதிவேக ஆட்டம் ஒன்று ஆடுவாராம். ஜெயித்தால் 'இன்னும் ஒன்று'. தோற்றால் அந்தத் தோல்வியோடு படுக்க மனமில்லை, அதனால் இன்னும் ஒன்று. கோபத்தில் ஆடி மேலும் தோற்க, மணி இரண்டாகிவிடும். டில்ட் என்று ஆட்டக்காரர்கள் சொல்வது இதைத்தான். "டோர்னமெண்ட் ஆடின காலத்தில்கூட இப்படித் தூக்கம் கெட்டதில்லை" என்றார் அவர். நியாயமான பேச்சு. டோர்னமெண்டில் ஒரு நாளைக்கு ஒரு சுற்றோ இரண்டு சுற்றோ முடிந்தால் எழுந்துவிட வேண்டும். கைபேசியில் எழுந்திருக்கச் சொல்ல யாரும் இல்லை.

அவரை ஆடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எத்தனை ஆட்டம் என்பதை ஆரம்பிக்கும் முன்பே முடிவு செய்யச் சொன்னேன். மூன்று என்றால் மூன்று, கடைசி ஆட்டம் தோற்றாலும் நிறுத்திவிட வேண்டும். அதோடு, ரேட்டிங் சேராத கேஷுவல் ஆட்டமாக வைத்துக்கொள்ளச் சொன்னேன். ரேட்டிங்கைத் திரையிலிருந்தே மறைத்துவிடும் வசதி லிசெஸ் போன்ற தளங்களில் உண்டு, அதையும் போட்டுக்கொண்டார். முதல் வாரம் சாரமே இல்லாமல் இருந்ததாகச் சொன்னார். அது எதிர்பார்த்ததுதான். பல வருடமாக எண்ணுக்காக ஆடியவரிடமிருந்து எண்ணை எடுத்துவிட்டால், எதற்காக ஆடுகிறோம் என்ற கேள்வி வரத்தான் செய்யும். அந்தக் கேள்வியோடு சில வாரம் பொறுமையாக இருக்க வேண்டும். அவர் இருந்தார்.

ஒரு பயத்தை இங்கேயே தீர்த்துவிடுகிறேன். 'ஆடாமல் விட்டால் வாங்கியதெல்லாம் போய்விடுமோ' என்று நினைத்து, மனமில்லாமல் வருடத்துக்கு ஒரு டோர்னமெண்டில் போய் உட்காருகிறவர்கள் இருக்கிறார்கள். ஃபிடே பட்டங்கள் வாழ்நாள் முழுவதற்கும் உரியவை. ஒரு வருடம் ரேட்டிங் ஆட்டம் எதுவும் ஆடாவிட்டால், ஆடாத வீரர் என்று பட்டியலில் குறிப்பார்கள், அவ்வளவுதான். எண் அப்படியே இருக்கும். அதைக் காவல் காக்க வேண்டிய அவசியம் இல்லை.

விலகுவது என்றால் முழுவதுமாக அறுத்துக்கொண்டு போவது என்றும் நினைக்க வேண்டாம். முன்னாள் உலக சாம்பியன் காஸ்பரோவ் 2005-ல் தொழில்முறை ஆட்டத்தை நிறுத்தினார். 2017-ல் செயின்ட் லூயிஸில் ரேபிட், பிளிட்ஸ் என்ற வேக ஆட்டப் போட்டி ஒன்றில் வந்து ஆடினார். அப்போதைய உலக சாம்பியன் கார்ல்சன் 2022-ல் உலகப் பட்டத்துக்கான மேட்ச் மட்டும் வேண்டாம் என்று விலகி, மற்ற போட்டிகளில் தொடர்ந்து ஆடினார். எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஸ்மிஸ்லோவ். 1957-ல் உலக சாம்பியனானவர், 63 வயதில், உலக சாம்பியனோடு மோதப்போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டியின் இறுதி வரை போனவர். முதுமையில் எண்ட்கேம் புதிர்களை, அதாவது சில காய்களே மிஞ்சியிருக்கும் கடைசிக் கட்டப் புதிர்களை, அமைப்பதில் ஈடுபட்டார். எதிராளி இல்லை, கடிகாரம் இல்லை. பலகையும் அவரும் மட்டும்தான்.

புதிர்களின் பக்கம் நான் பலரை அனுப்பியிருக்கிறேன். யாரையும் ஜெயிக்காமலே செஸ்ஸின் அழகு கிடைக்கும் இடம் அது. ஒன்றைப் பலகையில் வைத்துப் பாருங்கள். (எழுத்து, இடமிருந்து ஏ முதல் எச் வரையிலான நெடுவரிசை; எண், வெள்ளையின் பக்கத்திலிருந்து எண்ணும் குறுக்கு வரிசை.) வெள்ளை ராஜா சி2, வெள்ளைச் சிப்பாய் சி7. கறுப்பு ராஜா ஏ1 மூலையில், கறுப்பு யானை டி4. வெள்ளை ஆட வேண்டும். சிப்பாய் சி8 போனால் ராணியாகலாம், யாருடைய கையும் ராணியைத்தான் தேடும். ஆனால் ராணியாக்கினால் கறுப்பு யானை சி4 வந்து செக் சொல்லும். ராணி அதை வெட்டியாக வேண்டும். வெட்டியதும் மூலையில் இருக்கும் கறுப்பு ராஜாவுக்கு நகர ஒரு கட்டமும் இருக்காது. ஸ்டேல்மேட், ஆட்டம் டிரா.

இப்போது அதே சிப்பாயை யானையாக்குங்கள். அடுத்து ஏ8-க்கு வந்து மேட் என்ற மிரட்டல். கறுப்பு யானை ஏ4-க்குப் போய் மறித்தாக வேண்டும். வெள்ளை ராஜா பி3-க்கு ஒரு அடி வைக்கிறது. இங்கே அது கறுப்பு யானையை வெட்டும், அங்கே வெள்ளை யானை சி1-க்கு வந்து மேட் என்ற மிரட்டலும் இருக்கிறது. இரண்டையும் ஒரே நகர்வில் காப்பாற்ற முடியாது.

1895-ல் கிளாஸ்கோவின் ஒரு பத்திரிகையில் இந்த முடிவு டிரா என்றுதான் வெளிவந்தது. யானையாக்கும் நகர்வைக் கண்டுபிடித்தவர் ஃபெர்னாண்டோ சாவெத்ரா. அவர் பாதிரியார், அங்கே வசித்த ஸ்பெயின்காரர். பெரிய ஆட்டக்காரர் என்று பெயர் வாங்கியவரில்லை. இந்த ஒரு நகர்வுக்காக இன்றுவரை அவர் பெயர் சொல்லப்படுகிறது. இதை நான் பலகையில் வைத்துக் காட்டும்போது, விலகிய வீரர்கள் பலரின் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். சிறு வயதில் இந்த ஆட்டத்தில் எதைப் பார்த்து மயங்கினார்களோ, அது ஒரு நிமிடம் திரும்பி வருகிறது. ஒருவர் பத்து நிமிடம் பேசாமல் அந்த யானையைச் சி8-ல் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார்.

ஓப்பனிங் என்கிற தொடக்க நகர்வுகளை மனப்பாடம் செய்தே சலித்துப்போனவர்களுக்கு செஸ்960-ஐச் சொல்வேன். 1996-ல் அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸில் முன்னாள் உலக சாம்பியன் பாபி ஃபிஷர் அறிமுகப்படுத்திய ஆட்டம் அது. பின்வரிசைக் காய்களைக் குலுக்கி வைப்பார்கள். மந்திரிகள் எதிரெதிர் நிறக் கட்டங்களில் இருக்க வேண்டும், ராஜா இரண்டு யானைகளுக்கும் நடுவில் இருக்க வேண்டும் என்பது விதி. அப்படி வைக்க 960 வழி உண்டு. முதல் நகர்விலிருந்தே இருவரும் சொந்தமாக யோசிக்க வேண்டும். தன் பழைய ஆட்டத்தோடு ஒப்பிட்டுத் தன்னையே திட்டிக்கொள்ளவும் வழியில்லை. ஆனால் பழகிய ஓப்பனிங்கில் ஒரு சொந்த வீட்டின் சுகம் காண்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை இதில் தள்ள வேண்டாம். அவர்கள் அதையே ஆடட்டும், ஆட்டம் முடிந்ததும், நகர்வுகளை அலசும் கணினி நிரலான என்ஜினைத் திறக்காமல் இருந்தால் போதும். எந்த நகர்வில் எவ்வளவு தவறு என்று அது காட்டும் எண்ணும் ஒரு ரேட்டிங்தான். சந்தேகம் இருந்தால் எதிரில் ஆடியவரோடு சேர்ந்து காய்களைத் திரும்ப வைத்துப் பாருங்கள். தப்பான முடிவுக்கு வந்தாலும் பரவாயில்லை, பேசிக்கொண்டே தேடுவதில் இருக்கும் மகிழ்ச்சி தனி.

அந்த அப்பா விஷயத்துக்கு வருகிறேன். அவரிடம் இரண்டே மாற்றங்கள் சொன்னேன். மகளோடு ஆடும்போது தன் ராணியைப் பலகையிலிருந்து எடுத்துவைத்துவிட்டு ஆரம்பிக்க வேண்டும். இது இரக்கம் காட்டுவதில்லை, பழைய வழக்கம். 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்க செஸ் மேதை பால் மார்ஃபி போன்றவர்கள் குதிரையையோ யானையையோ விட்டுக்கொடுத்து ஆடுவது சாதாரணம். அப்புறம், நகர்வைத் திரும்ப எடுக்கும் உரிமை இருவருக்கும் உண்டு. இரண்டாவதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. மகள் திரும்ப எடுப்பதைக்கூடப் பொறுத்துக்கொண்டார், தான் எடுக்க முடியவில்லை. நான்காவது வாரத்தில் ஒரு நாள் தவறான கட்டத்தில் மந்திரியை வைத்துவிட்டு, "இதைத் திரும்ப எடுத்துக்கட்டுமா?" என்று மகளிடம் கேட்டிருக்கிறார். அவள் ரொம்பப் பெரிய மனுஷி மாதிரி யோசித்து, "சரிப்பா, இந்த ஒரு தடவை" என்றாளாம். இதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியது.

எப்போது கவலைப்பட வேண்டும்? ஆடி முடித்து எழுந்த பிறகும் எரிச்சல் வீட்டில் உள்ளவர்கள்மேல் இறங்கினால், தூக்கம் தொடர்ந்து குறைந்தால், வேலை நேரத்திலும் நேற்று தோற்ற ஆட்டமே ஓடிக்கொண்டிருந்தால், பொழுதுபோக்கு மறுபடியும் போட்டியாகிவிட்டது என்று அர்த்தம். சில வாரம் நிறுத்திப் பாருங்கள். செஸ் மட்டுமில்லாமல் எதிலுமே ஈடுபாடு இல்லாமல், மனச்சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் தயங்காமல் மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ பாருங்கள். வாழ்க்கையில் பாதி நாளுக்குத் தன்னை ஆட்டக்காரர் என்றே அறிந்தவர் அதை இழக்கும்போது வருந்துவது இயல்பு. அந்த வருத்தம் நெடுநாள் நீளும்போது தனியாகச் சுமக்க வேண்டியதில்லை.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அவர் நண்பரோடு ஆடிவிட்டு வந்தால் "ஜெயிச்சீங்களா?" என்று வாசலிலேயே கேட்காதீர்கள். அவர் வாழ்நாளில் ஆயிரம் தடவை கேட்ட கேள்வி அது. "இன்னைக்கு என்ன நடந்தது, எனக்குக் காட்டுங்களேன்" என்று பலகையை எடுத்து வையுங்கள். பாதி புரியாது, பரவாயில்லை. எந்தக் காயை எங்கே வைத்தேன் என்று அவர் சொல்லச் சொல்ல, பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.