ஷாக் வைத்த சைக்கிள் ஃபிரேமை வீட்டில் கட்டுபவர்களுக்கு

போன மாதம் ஒரு தம்பி சாக்குப்பையில் சுற்றி ஒரு சைக்கிள் ஃபிரேமைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் உள்ள மலைச் சைக்கிள். மொட்டை மாடியில் அவரே கட்டியது. கீழ்க்குழாயில் ஷாக்கைப் பிடிக்கும் காதுக்குப் பக்கத்தில் பெயின்ட் மயிரிழை அளவு வெடித்திருந்தது. சுரண்டித் துடைத்து, விரிசலுக்குள் ஊறி அதைக் காட்டிக்கொடுக்கும் டை பெனட்ரன்ட் சிவப்புச் சாயத்தை அடித்துப் பத்து நிமிடம் ஊறவிட்டேன். அதைத் துடைத்துவிட்டு வெள்ளை டெவலப்பரை அடித்ததும், வெல்டின் ஓரத்தை ஒட்டியே 22 மி.மீ. நீளத்துக்குச் சிவப்புக் கோடு எழும்பி வந்தது.

"வெல்டு நல்லாத்தானுங்கண்ணா இருந்துச்சு" என்றார்.

நல்லாத்தான் இருந்தது. காசை அடுக்கி வைத்த மாதிரி டிக் வெல்டிங் (மின்பொறியில் உருக்கி ஒட்டுவது). வெடித்தது குழாய்தான்.

கோவையில் ஃபேப்ரிகேஷன்தான் என் பிழைப்பு. சைக்கிள் ஃபிரேம் ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியம். பின்னால் ஷாக் இல்லாத ஃபிரேமை நன்றாகக் கட்டிய கைதான் ஷாக் உள்ள அடுத்ததில் மாட்டிக்கொள்கிறது. அந்தத் தம்பியும் அப்படித்தான்.

சைக்கிளுக்கென்று வரும் குரோமோலி (குரோமியமும் மாலிப்டினமும் கலந்த ஸ்டீல்) குழாய்கள் பெரும்பாலும் 'பட்டட்' ரகம். இரு முனையிலும் தடிப்பு 0.9 மி.மீ. என்றால் நடுவில் 0.6 இருக்கும். வெளியே பார்த்தால் தெரியாது, உள்ளேதான் மாறும். 1897-லேயே பர்மிங்காமில் ஆல்ஃபிரட் ரெனால்ட்ஸ் காப்புரிமை வாங்கிய உத்தி இது. சூடும் பளுவும் முனைகளில்தான் விழும், நடுவில் எடையைச் சுமப்பானேன் என்பது அதன் கணக்கு. சாதாரண ஃபிரேமுக்கு அது சரி. ஷாக் வைக்கும்போது அதன் ஒரு நுனியைக் கொண்டுபோய்க் குழாயின் நட்டநடுவில் பிடிக்கிறோம். இருப்பதிலேயே மெல்லிய இடத்தில் வெல்டு செய்து, அங்கேயே இடிக்கவும் விடுகிறோம்.

இடி எவ்வளவு? 75 கிலோ ஆள் உட்கார்ந்தால் பின்சக்கரத்தில் ஏறக்குறைய 45 கிலோ விழும். சக்கரம் 130 மி.மீ. எழும்ப, ஷாக் 50 மி.மீ. அமுங்குகிறது என்று வையுங்கள். நெம்புகோல் விகிதம் 2.6. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே அந்தக் காதில் 117 கிலோ நிற்கிறது. ஒரு சின்னத் திட்டிலிருந்து குதித்து மூன்று மடங்கு விழுந்தால் 350 கிலோ. ஒரு தடவை என்றால் குழாய் தாங்கும். பாதை முழுக்க, ஞாயிறுதோறும், ஆயிரக்கணக்கில் வாங்கும்போதுதான் வெல்டின் ஓரத்தில் விரிசல் பிறக்கிறது. ஸ்டீல் களைக்காது என்று யாராவது சொன்னால் அந்தச் சிவப்புக் கோட்டைக் காட்டுவேன்.

அந்த ஒரு குழாயை மட்டும் நெடுக ஒரே தடிப்பில் எடுத்துவிடுங்கள். 35 மி.மீ. விட்டத்தில், மெல்லிய நடுப்பகுதியை 0.6-லிருந்து 0.9 ஆக்கினால் ஏறுவது நூறு, நூற்றைம்பது கிராம். மூன்று முட்டை எடைகூட வராது. காதை நேரே குழாயில் ஒட்டாமல், அடியில் இலை மாதிரி நுனி கூராக வெட்டிய ஒரு தகட்டைக் குழாயின் வளைவுக்குத் தட்டி வைத்து, அதன் மேல் ஒட்டுங்கள். குழாய்க்குக் குறுக்கே வெல்டு முடியக் கூடாது.

ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், தகட்டைச் சுருட்டி ஒட்டிய இ.ஆர்.டபிள்யூ. பைப் போதாதா என்று கேட்பார்கள். வளைந்து கொடுப்பதில் எல்லா ஸ்டீலும் ஏறக்குறைய ஒன்றுதான். குரோமோலி போட்டால் விறைப்பு ஏறாது, வலுதான் ஏறும். அதே 35 மி.மீ.யில் 1.6 தடிப்புப் பைப் மீட்டருக்கு 1.3 கிலோ. கை பழக வாங்குங்கள், மலைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

இனி என் கதை. முதல் ஃபிரேமை முழு அளவில் பிளைவுட்டில் வரைந்து, பின்பகுதி ஆடும் அச்சான பிவட் இடத்தில் ஆணி அடித்து, பின்சக்கரத்தைத் தாங்கி ஆடும் ஸ்விங்ஆர்மை அட்டையில் வெட்டி ஆட்டிப் பார்த்தேன். எல்லாம் சரி. கட்டி முடித்து, ஷாக்கில் காற்றை இறக்கிவிட்டுப் பின்சக்கரத்தைத் தூக்கினால், 115 மி.மீ.யிலேயே டயர் சீட்டைத் தாங்கும் குழாயில் போய் உட்கார்ந்தது. வரையும்போது 2.25 அங்குல டயர், மாட்டியது 2.4. ஸ்டாண்டில் தெரிந்ததால் பிழைத்தேன். இறக்கத்தில் என்றால் சக்கரம் அப்படியே பூட்டியிருக்கும். காற்றை இறக்கிச் சக்கரத்தைக் கடைசி வரை தூக்கிப் பார்க்காமல் யாரும் ஏறாதீர்கள். செயின் நீளத்தையும் அப்போதே பாருங்கள். பிவட் மேலே இருந்தால் சக்கரம் எழும்ப எழும்ப செயினை இழுக்கும்.

முதல் முயற்சிக்கு ஒற்றைப் பிவட் போதும். பிரிஸ்டலில் ஸ்டார்லிங் சைக்கிள்ஸைத் தொடங்கியவர் விமானத் துறைப் பொறியாளர், வீட்டுக் கொட்டகையில் ஆரம்பித்தவர். அவரே ஸ்டீலில் ஒற்றைப் பிவட்டைத்தான் நம்பினார்.

பேரிங் உட்காரும் குழியை லேத்தில் முதலிலேயே கச்சிதமாகக் கடையாதீர்கள். 6902 அளவுப் பேரிங் என்றால் அதன் வெளிவிட்டமான 28 மி.மீ.க்கே கடையத் தோன்றும். வெல்டு சூட்டில் குழி முட்டை வடிவமாகிவிடும். கொஞ்சம் இரும்பை விட்டுவைத்து, எல்லாம் ஆறிய பிறகு இரண்டு பக்கத்தையும் ஒரே பிடியில் கடையுங்கள். பேரிங் லொடலொடத்தால் பக்கவாட்டு உதை எல்லாம் ஷாக்கின் தண்டுக்குப் போகும், அது அதற்காகச் செய்ததில்லை.

டிக் இல்லாமல் கேஸ் வைத்து, பித்தளைக் கம்பியையோ வெள்ளிக் கம்பியையோ உருக்கி ஒட்டும் பிரேசிங் செய்பவர்களுக்கு ஒரு பயம் காட்ட வேண்டும். வெள்ளிக் கம்பி வாங்கும்போது காட்மியம் இல்லாததா என்று கேளுங்கள். கேடிஎம் நகையை நிறுத்தியதே அந்தக் காட்மியம் புகையால் பொற்கொல்லர்கள் பட்ட பாட்டால்தான். அது மூச்சில் போனால் உடனே தெரியாது. சில மணி நேரம் கழித்து, ராத்திரியில்தான் நெஞ்சைப் பிடிக்கும். மூடிய அறையில் வேண்டாம். இரு முனையும் அடைபட்ட குழாய்க்கு ஒரு சின்னத் துளை போட்டுவிட்டுச் சூடேற்றுங்கள். இல்லாவிட்டால் உள்ளே விரியும் காற்று, உருகிய பித்தளையை முகத்துக்கு நேராகத் துப்பும். நான் கண்ணாடி போட்டிருந்தேன். கன்னத்தில் இன்னும் புள்ளி இருக்கிறது.

தம்பி விரிசலை ஒட்டித் தரச் சொன்னார். மறுத்துவிட்டேன். கீழ்க்குழாயை அறுத்துப் புதிதாகப் போடத்தான் வேண்டும். கறுப்பு பெயின்ட் வேண்டாம் என்றும் சொன்னேன். வெளிர் நிறத்தில் அடித்தால், மழையில் ஓட்டிய மறுநாள் விரிசலிலிருந்து துரு பழுப்பாகக் கசிவது கண்ணுக்குத் தெரியும். என் ஃபிரேம் வெளிர் மஞ்சள். கழுவும்போதெல்லாம் முதலில் ஷாக் காதைத்தான் விரலால் தடவிப் பார்க்கிறேன்.