கை விழுந்தவரை அந்தக் கையைப் பிடித்துத் தூக்காதீர்கள்

இந்த மாதத்தில் இது மூன்றாவது. பக்கவாதத்தில் இடது கை கால் விழுந்து ஆறு வாரமான அப்பாவை மகன் அழைத்து வந்தார். நாற்காலியிலிருந்து எழுப்ப, விழுந்த கையின் மணிக்கட்டைப் பிடித்து ஓர் இழுப்பு. பெரியவர் பல்லைக் கடித்துக்கொண்டார். சட்டையை விலக்கித் தோள் நுனிக்குக் கீழே விரல் வைத்தேன். ஒரு விரல் அப்படியே பள்ளத்தில் இறங்கியது. தோள் எலும்பு குழியை விட்டுக் கீழே நழுவியிருந்தது.

"தினமும் எண்ணெய் போட்டு நீவி, கையை நல்லா இழுத்து விடுறோம் சார். ஜன்னல் கம்பியில கயிறும் கப்பியும் கட்டியிருக்கோம்."

பாசத்தில் ஒரு குறையும் இல்லை. செய்ததுதான் தப்பு.

இடுப்பைப் போலத் தோளும் ஆழமான குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது என்றே பலர் நினைக்கிறார்கள். தோள்குழி அகல் விளக்கைவிடத் தட்டை. மேற்கை எலும்பின் உருண்டைத் தலையில் ஏறக்குறைய கால் பங்குதான் ஒரு நேரத்தில் அதைத் தொடும். உருண்டை நழுவாமல் குழியோடு அழுத்திப் பிடிப்பவை ரொட்டேட்டர் கஃப் என்னும் நான்கு தசைகள். முன்னும் பின்னும் மேலுமாகக் கவ்வியிருக்கும். கை துவளும்போது இவையும் துவள்கின்றன. 60 கிலோ ஆளின் ஒரு கை சுமார் 3 கிலோ. அவ்வளவு பாரமும் ஜவ்வில் தொங்குகிறது. அதைப் போய் இழுக்கலாமா?

"இழுத்தால் நரம்புக்கு உயிர் வரும்" என்கிறார்கள். என்னால் பொறுக்க முடியாத பேச்சு இதுதான். பழுது மூளையில். தோளை இழுத்து அதைச் சரிசெய்ய முடியாது. இழுக்க இழுக்க ஜவ்வு நீண்டுபோகும், வலி நிரந்தரமாகும். கப்பி இன்னும் மோசம். கை மேலே போகும்போது தோள்பட்டை எலும்பும் கூடவே திரும்ப வேண்டும். திருப்பும் தசையும் செயலிழந்திருக்க, உருண்டை மேலே இடித்துத் தசைநாரை நசுக்கும். கப்பியை இன்றே அவிழ்த்துவிடுங்கள்.

எழுப்ப வேண்டுமா, இடுப்பில் துண்டையோ பெல்ட்டையோ சுற்றிப் பிடியுங்கள். அக்குளில் கை கொடுக்காதீர்கள். உட்கார்ந்திருக்கையில் கை தலையணைமேல் இருக்கட்டும், தொங்கவிடாதீர்கள். சட்டை போடும்போது விழுந்த கை முதலில், கழற்றும்போது கடைசியில். கழுத்தில் மாட்டிக் கையைத் தாங்கும் ஸ்லிங் நிற்கும்போதும் நடக்கும்போதும் போதும். நாள் முழுக்க மாட்டினால் தோள் இறுகிவிடும். தோள் மட்டத்துக்கு மேல் தூக்குவதைப் பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் நின்று கற்றுக்கொடுத்த பிறகே செய்யுங்கள்.

இதையெல்லாம் இரவில் துணைக்கு இருப்பவரிடமும் சொல்லுங்கள். தயவுசெய்து கட்டில் தலைமாட்டில் எழுதி ஒட்டுங்கள். பார்க்க வரும் சொந்தக்காரர்கள் முதலில் பிடித்து இழுப்பது அந்தக் கையைத்தான்.