பனெட்டோனேயை ஏன் தலைகீழாகத் தொங்கவிடுகிறார்கள்?

டிசம்பரில் மிலான் நகரத்து சூப்பர் மார்க்கெட் எதற்குள் நுழைந்தாலும் பனெட்டோனே பெட்டிகள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருக்கும். உலர்திராட்சையும் சர்க்கரைப் பாகில் ஊறிய ஆரஞ்சுத் தோலும் போட்ட, உயரமான இனிப்பு ரொட்டி. இத்தாலியர்களின் கிறிஸ்துமஸ் பண்டம். முட்டையும் வெண்ணெயும் தாராளமாகச் சேர்ந்திருந்தும் ஒரு பெட்டிகூட ஃபிரிட்ஜில் இருக்காது. எப்படிக் கெடாமல் இருக்கிறது?

அதற்கு முதலில் மாவைப் பார்க்க வேண்டும். கோதுமை மாவைத் தண்ணீர் விட்டுப் பிசைந்தால் குளூட்டன் என்ற புரத வலை உருவாகிறது. ஈஸ்ட் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடை இந்த வலை பிடித்து வைப்பதால்தான் ரொட்டி உப்புகிறது. வெண்ணெய் புரதங்களின் மேல் படிந்து வலை பின்னுவதைத் தடுக்கும். சர்க்கரை இன்னும் மோசம்: குளூட்டனுக்குப் போக வேண்டிய தண்ணீரைத் தான் இழுத்துக்கொள்ளும், ஈஸ்ட் செல்களுக்குள் இருக்கும் நீரையும் உறிஞ்சிவிடும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொட்டிப் பிசைந்தால் மாவு எழும்பவே எழும்பாது.

அதனால் இரண்டு கட்டமாகச் செய்கிறார்கள். சர்க்கரை, வெண்ணெய், மஞ்சள் கருவில் ஒரு பங்கை மட்டும் சேர்த்துப் பிசைந்து, இளஞ்சூட்டில் இரவு முழுக்க விடுகிறார்கள். மாவு ஏறக்குறைய மூன்று மடங்கு ஆனதும் மீதியையும் பழங்களையும் சேர்த்து இரண்டாம் பிசைதல். புளிக்க வைப்பது, தினமும் மாவும் தண்ணீரும் கொடுத்து வளர்க்கும் தாய்மாவு. இதில் காட்டு ஈஸ்ட்டுடன் லாக்டிக் அமில பாக்டீரியாவும் வாழ்கிறது. அது சுரக்கும் அமிலங்கள் மணம் தருகின்றன. அவற்றில் அசிட்டிக் அமிலம் பூஞ்சையையும் அடக்குகிறது.

அடுப்பிலிருந்து எடுத்ததும்தான் பெரிய ஆபத்து. உள்ளே வெண்ணெய் முழுக்க உருகிக் கிடக்கும். ஸ்டார்ச்சும் புரதமும் ஆறினால்தான் இறுகும். அதுவரை இவ்வளவு கொழுப்பைச் சுமக்கும் மெல்லிய சுவர்களுக்குத் தம் எடையையே தாங்க முடியாது. நிமிர்த்தி வைத்தால் நடுப்பகுதி அமுங்கிவிடும். ஆகவே அடிப்பகுதியில் இரண்டு கம்பிகளைக் குத்தி, சூடாக இருக்கும்போதே கவிழ்த்துத் தொங்கவிடுகிறார்கள். புவியீர்ப்பு அமுக்குவதற்குப் பதிலாக இழுத்துப் பிடிக்கிறது. முழுதாக ஆறப் பல மணி நேரம் ஆகும் என்பதால் இரவு முழுக்கத் தொங்குவது சாதாரணம்.

சரி, கெடாத விஷயத்துக்கு வருவோம். மாவு எழும்புவதற்குத் தொல்லை கொடுத்த அதே சர்க்கரை இங்கே காவலுக்கு நிற்கிறது. ரொட்டியில் ஈரம் இருந்தாலும் அதில் பெரும்பங்கைச் சர்க்கரை பிடித்து வைத்திருப்பதால் நுண்ணுயிர்களுக்குப் பயன்படும் நீர் குறைவு. கூடவே அமிலம், காற்றுப் புகாத உறை. ரொட்டி காய்ந்து போவதும் தாமதமாகிறது. ஸ்டார்ச் மூலக்கூறுகள் மறுபடி ஒழுங்காக அடுக்கிக்கொள்வதால்தான் பழைய ரொட்டி விறைக்கிறது. கொழுப்பும் சர்க்கரையும் அதற்கு இடையூறு. ஃபிரிட்ஜின் குளிரோ அந்த அடுக்கலை வேகப்படுத்தும். வாங்கி வந்ததை உள்ளே தள்ளாதீர்கள்.

2005-இல் வந்த இத்தாலிய அரசாணைப்படி, பனெட்டோனே என்ற பெயரில் விற்க வேண்டுமானால் வெண்ணெய் 16 சதவீதத்துக்கும், உலர்திராட்சையும் பாகில் ஊறிய தோல்களும் சேர்ந்து 20 சதவீதத்துக்கும் குறையக் கூடாது. மார்கரின் போட்டது வேறு ஏதாவது கிறிஸ்துமஸ் இனிப்பு என்ற பெயரில் பக்கத்திலேயே மலிவாக இருக்கும். என் கணக்கில் அது வீண் செலவு. கைவினைக் கடைகளில் வாங்கினால் பயன்படுத்த வேண்டிய தேதியைப் பாருங்கள்; அவை சில வாரங்களே தாங்கும், ஆலைத் தயாரிப்பு மாதக்கணக்கில் தாங்கும். மிலான்காரர்கள் கிறிஸ்துமஸில் மிச்சம் வைத்ததைப் பிப்ரவரி 3, புனித பியாஜியோ நாளில் சாப்பிடுவது வழக்கம்.

அறுக்கும் முன் பெட்டியைக் கொஞ்ச நேரம் அறைச் சூடேற்றிக்குப் பக்கத்தில் வையுங்கள். வெண்ணெய் இளகினால்தான் மணம் எழும்பும்.