சொல்லாமல் விட்டதைத் தேடுதல்: வாதப் பகுப்பாய்வுக் கட்டுரை இயங்கும் விதம்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பிப்போர் எழுதும் ஜிஆர்இ தேர்வில், 2002 அக்டோபர் முதல் 2023 செப்டம்பர் வரை, வழக்கமான கட்டுரைகளிலிருந்து வேறுபட்ட, ‘வாதப் பகுப்பாய்வு’ என்னும் ஒரு பணி இடம்பெற்றிருந்தது. ஒரு கற்பனை நகரின் அதிகாரியோ ஒரு நிறுவனத்தின் மேலாளரோ எழுதியதாகச் சொல்லப்படும் குறும்பத்தி ஒன்று தேர்வரின் முன் வைக்கப்படும். அந்தப் பத்தி சில தகவல்களைச் சொல்லி, அவற்றின் அடிப்படையில் ஒரு பரிந்துரையை உறுதியான குரலில் முன்வைக்கும். தேர்வர் 30 நிமிடத்தில் எழுத வேண்டியது, அந்தப் பரிந்துரை நல்லதா கெட்டதா என்பதைப் பற்றியன்று. சொல்லப்பட்ட தகவல்கள் அந்தப் பரிந்துரையைத் தாங்குமளவுக்கு வலுவானவையா என்பதைப் பற்றி மட்டுமே. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ளாமல் எழுதப்பட்ட கட்டுரை, மொழிநடை எவ்வளவு அழகாக இருந்தாலும், கேட்கப்படாத கேள்விக்கான விடையாகவே முடிந்துவிடும்.

வாதம் என்பதன் உள்ளமைப்பைப் புரிந்துகொள்ள, பிரிட்டிஷ் தத்துவவியலாளர் ஸ்டீஃபன் டூல்மின் 1958இல் வெளியிட்ட பகுப்புமுறை இன்றும் உதவுகிறது. வாதிடுபவர் நம்மை ஏற்கச் சொல்வது முடிவு. அதற்கு ஆதாரமாக அவர் காட்டுவது சான்று. அந்தச் சான்றிலிருந்து இந்த முடிவுக்கு வரலாம் என்று அனுமதிக்கும் பொதுக் கருத்து மூன்றாவது உறுப்பு. முதல் இரண்டும் பெரும்பாலும் பத்தியில் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கும். மூன்றாவது உறுப்பைப் பொதுவாக யாரும் எழுதுவதில்லை. எழுதிக் காட்டினால் அது எவ்வளவு ஐயத்துக்குரியது என்பது உடனே தெரிந்துவிடும். வாதப் பகுப்பாய்வு என்பது, சுருக்கமாகச் சொன்னால், எழுதப்படாத அந்த வாக்கியங்களை எழுதிப் பார்ப்பதுதான்.

இத்தேர்வின் பாணியில் நாமே ஒரு பத்தியை அமைத்துப் பார்க்கலாம். ஒரு மருத்துவமனைக் குழுமத்தின் மேலாளர் எழுதுகிறார்: “சென்ற ஆண்டு எங்கள் மத்திய மருத்துவமனையின் இரவுப் பணிப் பிரிவுகளில் புதிய விளக்குகளைப் பொருத்தினோம். அதன்பின், மருந்து கொடுப்பதில் நேர்ந்த தவறுகள் குறித்த பதிவுகள் 30 விழுக்காடு குறைந்துள்ளன. ஆகவே குழுமத்தின் எல்லா மருத்துவமனைகளிலும் இவ்விளக்குகளைப் பொருத்தினால் நோயாளிகளின் பாதுகாப்பு மேம்படும். இழப்பீடாக நாம் கொடுக்கும் தொகையும் குறையும்.”

மேலோட்டமாகப் படிக்கையில் இதில் குறை எதுவும் தெரிவதில்லை. ஆனால், குறைந்தவை பதிவுகள். மேலாளர் பேசுவதோ தவறுகளைப் பற்றி. பதிவுகளின் எண்ணிக்கை தவறுகளின் எண்ணிக்கையை உண்மையாகப் பிரதிபலிக்கிறது என்பது அவர் சொல்லாமல் எடுத்துக்கொண்ட முதல் அனுமானம். இது வெறும் சொற்சிலம்பம் அன்று. அமெரிக்க ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1996இல் வெளியிட்ட ஆய்வில், மருத்துவமனைக் குழுக்களுள் ஒற்றுமையும் நல்ல தலைமையும் கொண்டவற்றில்தான் மருந்துத் தவறுகள் கூடுதலாகப் பதிவாகியிருந்தன. அந்தக் குழுக்களின் செவிலியர்கள் அதிகம் தவறியதாலன்று, தவறைச் சொன்னால் தண்டனை வரும் என்ற அச்சம் அவர்களுக்குக் குறைவாக இருந்ததாலேயே அப்படி இருக்கக்கூடும் என்று அவர் விளக்கினார். அப்படியானால், மேலாளரின் மருத்துவமனையில் சென்ற ஆண்டு புதிதாக ஒரு கண்டிப்பான கண்காணிப்பாளர் வந்திருந்தாலோ, பதிவுப் படிவம் இரு மடங்கு நீண்டிருந்தாலோ, தவறுகள் அப்படியே இருக்கப் பதிவுகள் மட்டும் குறைந்திருக்கலாம்.

பதிவுகள் நம்பத்தக்கவை என்றே வைத்துக்கொண்டாலும், அவை எண்ணிக்கையா விகிதமா என்பதைப் பத்தி சொல்லவில்லை. நோயாளிகளின் வருகையும் அதே அளவு குறைந்திருந்தால் பாதுகாப்பில் எந்த மாற்றமும் நேரவில்லை. இதைவிட நுட்பமான கேள்வி ஒன்று உண்டு: விளக்குகளை ஏன் குறிப்பாகச் சென்ற ஆண்டில் மாற்றினார்கள்? அதற்கு முந்தைய ஆண்டில் தவறுகள் வழக்கத்துக்கு மாறாக மிகுந்து, அதனால் நிர்வாகம் பதறி நடவடிக்கை எடுத்திருக்கலாம். தற்செயலாக உச்சம் தொட்ட எந்த அளவும், யாரும் எதுவும் செய்யாவிட்டாலும், அடுத்த முறை அளக்கும்போது சராசரியை நோக்கி இறங்கும் வாய்ப்பே அதிகம். பிரிட்டிஷ் அறிவியலாளர் பிரான்சிஸ் கால்டன் பெற்றோரின் உயரத்தையும் பிள்ளைகளின் உயரத்தையும் ஒப்பிட்டு 1886இல் விவரித்த ‘சராசரிக்குத் திரும்புதல்’ என்னும் இந்த நிகழ்வு, நிர்வாகக் குறிப்புகளில் பெரும்பாலும் ஏதோ ஒரு திட்டத்தின் வெற்றியாக வேடமிட்டு வருகிறது.

இவற்றையெல்லாம் அடுக்கினால் மட்டும் போதாது. எந்தத் தகவல் கிடைத்தால் ஐயம் தீரும் என்று சொல்வதில்தான் பகுப்பாய்வின் தரம் வெளிப்படுகிறது. இங்கே அப்படியொரு தகவல் இருக்கிறது: விளக்குகள் மாற்றப்படாத பகல் பணியில் அதே காலத்தில் என்ன நடந்தது? அங்கும் பதிவுகள் 30 விழுக்காடு குறைந்திருந்தால், விளக்குகளுக்கு நாம் கொடுத்த பெருமையைத் திரும்பப் பெற வேண்டியிருக்கும். பகலில் மாற்றமின்றி இரவில் மட்டும் குறைந்திருந்தால், மேலாளரின் வாதம் முன்பிருந்ததைவிட வலுப்பெறும். ஒரே கேள்வி இரு திசைகளிலும் வாதத்தை நகர்த்தக்கூடியதாக இருப்பது, அந்தக் கேள்வி வாதத்தின் மையத்தைத் தொட்டுவிட்டது என்பதற்கு நம்பகமான அடையாளம் என்று நான் கருதுகிறேன்.

மற்ற மருத்துவமனைகளில் வெளிச்சம் ஏற்கெனவே போதுமானதாக இருக்கலாம் என்பதும், இழப்பீட்டுத் தொகையில் பெரும்பங்கு அறுவை சிகிச்சைகளால் எழுவதாக இருக்கலாம் என்பதும் செல்லுபடியாகும் மறுப்புகளே. ஆயினும் அவை வாதத்தின் கிளைகளைத் தொடுபவை. பதிவுகளைப் பற்றிய முதல் அனுமானம் சரிந்தால் மற்றவற்றுக்கு வேலையே இல்லை. எல்லா ஓட்டைகளையும் ஒரே எடையில் பட்டியலிடும் கட்டுரையைவிட, எது அடித்தளம் எது மேற்கட்டு என்று பிரித்துக் காட்டும் கட்டுரையே வாதத்தைப் புரிந்துகொண்டவர் எழுதியதாகத் தோன்றும்.

மொத்த எண்ணிக்கை ஒரு கதையையும் அதன் பகுதிகள் வேறொரு கதையையும் சொல்லக்கூடும் என்பதற்கு, முதுநிலைச் சேர்க்கையிலிருந்தே புகழ்பெற்ற உதாரணம் ஒன்று உண்டு. 1973இல் பெர்க்கிலியிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பித்த ஆண்களில் ஏறத்தாழ 44 விழுக்காட்டினருக்கும், பெண்களில் ஏறத்தாழ 35 விழுக்காட்டினருக்கும் இடம் கிடைத்தது. பெண்களுக்கு எதிரான பாகுபாடு என்ற முடிவு தானாகவே வந்து விழுகிறது. ஆனால் பிக்கல், ஹேமல், ஓ’கானல் ஆகிய மூவர் துறைவாரியாகப் பிரித்து ஆராய்ந்து 1975இல் வெளியிட்டபோது, பெரும்பாலான துறைகளில் அத்தகைய சாய்வு காணப்படவில்லை. துறைகளைக் கணக்கில் கொண்டு தொகுத்தபோது பெண்களுக்குச் சிறிது சாதகமாகவே இருந்தது. விண்ணப்பிப்போரில் மிகச் சிலரையே ஏற்கும் துறைகளுக்குப் பெண்கள் அதிகமாக விண்ணப்பித்திருந்ததே மொத்தக் கணக்கின் வேறுபாட்டுக்குக் காரணம். பல்கலைக்கழகத்துக்கு வருமுன்பே சமூகம் பெண்களைச் சில துறைகளை நோக்கித் திருப்பியிருக்கலாம் என்ற கேள்வியை இது மூடிவிடவில்லை. மொத்த எண்ணிக்கையிலிருந்து சேர்க்கைக் குழுக்களின் பாகுபாட்டுக்குத் தாவிய அந்த ஒரு வாதம்தான் நிற்கவில்லை.

இத்தகைய இடைவெளிகள் பயிற்சியின்றி ஏன் கண்ணில் படுவதில்லை என்பதற்கு உளவியல் ஒரு விடை தருகிறது. ஜொனதன் எவன்ஸும் இரு சக ஆய்வாளர்களும் 1983இல் வெளியிட்ட சோதனைகளில், தர்க்கப்படி பிழையான வாதங்கள் பங்கேற்பாளர்களிடம் கொடுக்கப்பட்டன. முடிவு நம்பத்தக்கதாக இருந்தபோது 71 விழுக்காடு முறை அவை ஏற்கப்பட்டன. நம்ப முடியாததாக இருந்தபோது 10 விழுக்காடு முறை மட்டுமே ஏற்கப்பட்டன. அதாவது, முடிவு நமக்கு நம்பத்தக்கதாகத் தோன்றினால் அதற்கு வந்த பாதையை நாம் பெரும்பாலும் சோதிப்பதில்லை. இத்தகைய பத்திகள் இந்தப் பலவீனத்தைப் பயன்படுத்திக்கொள்கின்றன: நல்ல வெளிச்சத்தில் தவறுகள் குறையும் என்பது யாருக்கும் நியாயமாகப் படும் கருத்து. ஆகவே முடிவின் மேல் நமக்குள்ள நம்பிக்கையை ஒதுக்கிவைத்து, அதே சான்றுகள் நம்மால் நம்ப முடியாத முடிவு ஒன்றுக்குத் துணையாக வந்திருந்தால் ஏற்றிருப்போமா என்று கேட்டுப் பார்ப்பது பயன் தரும்.

எதிர்த்திசையில் வழுக்குவோரும் உண்டு. சிலர் 30 விழுக்காடு என்ற எண்ணே பொய்யாக இருக்கலாம் என்று எழுதுவர்; தேர்வில் கொடுக்கப்பட்ட தகவல்களை உண்மையென ஏற்றுக்கொண்டு, அவற்றிலிருந்து பெறப்பட்டதைத்தான் சோதிக்க வேண்டும். சிலர் பிழைகளுக்கு லத்தீன் பெயர்களைச் சூட்டிவிட்டு நகர்வர். பெயர் சொல்வது விளக்கமாகாது. இன்னும் சிலர் வாதம் பிழையானது, எனவே விளக்குகள் பயனற்றவை என்று முடிப்பர். இது அவர்களே செய்யும் புதிய தர்க்கப் பிழை: பிழையான வாதத்தின் முடிவும் உண்மையாக இருக்க இடமுண்டு.

ஜிஆர்இ தேர்வில், பிற்காலத்தில், 0 முதல் 6 வரையிலான அளவில் இந்தக் கட்டுரைகளை ஒரு மனித மதிப்பீட்டாளரும் ‘இ-ரேட்டர்’ என்ற கணினி நிரலும் தனித்தனியே மதிப்பிட்டு வந்தனர்; இருவருடைய மதிப்பெண்ணும் நெருங்கி வராவிட்டால் இரண்டாவது மனிதர் ஒருவர் படிப்பார். 2023 செப்டம்பரில் தேர்வு ஏறத்தாழ இரண்டு மணி நேரமாகச் சுருக்கப்பட்டபோது வாதப் பகுப்பாய்வு நீக்கப்பட்டு, பொதுப் பிரச்சினை ஒன்றைப் பற்றிக் கருத்துரைக்கும் கட்டுரை மட்டும் எஞ்சியது. மேலாண்மைப் படிப்புக்கான ஜிமேட் தேர்வின் புதிய வடிவத்திலும் கட்டுரைப் பகுதி இல்லை. அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளுக்கான எல்சாட் தேர்வில் இதே திறன் இன்றும் மையமாக இருக்கிறது. அங்கே 2024 ஆகஸ்ட் முதல் மதிப்பெண்ணுக்குரிய மூன்று பகுதிகளில் இரண்டு தர்க்க ஆய்வுக்கே ஒதுக்கப்பட்டுள்ளன. எனினும், அங்கு சொல்லப்படாத அனுமானம் ஐந்து விடைகளுள் ஒன்றாக எழுதியே கொடுக்கப்பட்டுவிடுகிறது. வெற்றுத்திரையின் முன் அமர்ந்து அதைத் தானே கண்டுபிடித்துச் சொற்களில் வடிக்கும் வேலை தேர்வருக்கு அங்கு இல்லை.