‘டி’ தரம் வாங்கிய பானத்தை விற்கலாம், விளம்பரம் செய்ய முடியாது

சிங்கப்பூரில் குளிர்பான டின்னின் முன்பக்கத்தில் ஓர் எழுத்தும், கூடவே சீனி இத்தனை சதவீதம் என்ற எண்ணும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் நியூட்ரி-கிரேட், பானத்தின் சத்துத் தரத்தைச் சொல்லும் குறி. 2022 டிசம்பர் 30 முதல் டின், பாட்டில், பாக்கெட் பானங்களுக்கு நடப்பில் உள்ளது. சரியாக ஓராண்டு கழித்து, கடையில் கலந்து தரும் பானங்களும் இதற்குள் வந்தன.

கணக்கு எளிது. 100 மில்லிலிட்டரில் சீனி 1 கிராம் வரை என்றால் ஏ, 5 வரை பி, 10 வரை சி, அதைத் தாண்டினால் டி. நிறைவுற்ற கொழுப்புக்கும் இப்படி அளவுகள் உண்டு. இரண்டில் எது மோசமோ அதுவே தரம். சீனி சேர்க்காத முழுக்கொழுப்புப் பால் சி வாங்குவது இதனால்தான். செயற்கை இனிப்பு போட்டால் ஏ கிடைக்காது, அதனால் டயட் கோலா பி.

சி, டி பானங்களில் குறி கட்டாயம். டி-க்கு விளம்பரமும் கூடாது. விற்கும் இடத்தில் மட்டும் விலக்கு.

ஒன்றைக் கவனியுங்கள். இது 100 மில்லிலிட்டர் கணக்கு. 10 சதவீதம் சீனியுள்ள 330 மில்லிலிட்டர் டின் சி-தான். ஆனால் முழுதும் குடித்தால் 33 கிராம், ஆறரைத் தேக்கரண்டி!

2018 கடைசியில் சுகாதார அமைச்சு சீனிப் பானங்களைக் கட்டுப்படுத்த நான்கு வழிகளை மக்களிடம் வைத்துக் கருத்துக் கேட்டது: குறியீடு, விளம்பரக் கட்டுப்பாடு, வரி, சீனி அதிகமுள்ள பானங்களுக்குத் தடை. அதிக ஆதரவு குறியீட்டுக்கு. தடைக்குத்தான் மிகக் குறைவு. ‘சீனி எவ்வளவு என்று சொல்லுங்கள், குடிப்பதா வேண்டாமா என்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்பது மக்கள் மனநிலை. முதலிரண்டையும் அரசு எடுத்துக்கொண்டது. மென்மையான வழிதான், ஆனால் என் பார்வையில் அதிகம் மாறியது குடிப்பவர்கள் அல்ல, தயாரிப்பவர்கள். டி வாங்க யாருக்கு மனம் வரும்? டின், பாட்டில், பாக்கெட் பானங்களின் இடைநிலைச் சீனி அளவு (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் அளவு) 2017-இல் 7.1 சதவீதம், 2023-இல் 4.6.

சின்னக் கடைகளுக்கு விலக்கு இருப்பதால் உணவங்காடி நிலையத்தில் எல்லாக் கடையிலும் குறியைத் தேடாதீர்கள். அங்கே காபி, டீ வாங்கும்போது வாய்தான் வழி: சீனி குறைய வேண்டுமென்றால் ‘சியூ டாய்’, வேண்டவே வேண்டாமென்றால் ‘கோசோங்’. அப்புறம், 2027 நடுவில் உப்பு, சாஸ், இன்ஸ்டன்ட் நூடுல்ஸ், சமையல் எண்ணெய் பாக்கெட்டுகளுக்கும் இந்த எழுத்துகள் வரவிருக்கின்றன.